இரவு 12.32: ரொடோல்ஃபோ வால்ஷ் துப்பறிந்த கொலைகள்

1953இல் புவெனஸ் அயர்ஸில் வெளியான ஒரு துப்பறியும் கதைத் தொகுப்பில் கொலையாளியைக் கண்டுபிடிப்பவர் ஒரு மெய்ப்புத் திருத்துநர். டானியல் எர்னாண்டஸ் என்று பெயர். எந்த வரியையும் நம்பாமல் படிப்பது, முன்பக்கத்தில் சொன்னது பின்பக்கத்தில் மாறியிருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பது, மற்றவர் கண்ணுக்குத் தப்பும் ஓர் எண்ணில் நின்றுவிடுவது என அச்சுக்கூடத்தில் படிந்த பழக்கங்களே அவருக்குத் துப்பறியும் கருவிகள். ‘சிவப்பின் மாறுபாடுகள்’ என்ற அந்த நூலை எழுதியவர் ரொடோல்ஃபோ வால்ஷ். அப்போது அவருக்கு வயது 26. பதினேழு வயதிலிருந்து அஷெத் பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்த்தும் ஆங்கிலத் துப்பறியும் கதைகளை ஸ்பானிய மொழிக்குப் பெயர்த்தும் பிழைத்துவந்தவர். நூலுக்கு மாநகராட்சியின் இலக்கியப் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் அர்ஜென்டினத் துப்பறியும் கதைகள் பத்தைத் தொகுத்தும் வெளியிட்டார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1957இல், அவருடைய ‘ஒபராசியோன் மசாக்ரே’ வந்தது. ‘படுகொலை நடவடிக்கை’ என்று தமிழில் சொல்லலாம். அதில் வரும் பிணங்கள் கற்பனைப் பிணங்கள் அல்ல, கொலையாளிகளும் அப்படியே. உண்மைக் கொலையை நாவலின் கட்டுக்கோப்போடு சொல்லும் வகையைத் தொடங்கிவைத்ததாக உலகம் கொண்டாடும் ட்ரூமன் கபோட்டியின் ‘இன் கோல்டு பிளட்’ நூலாக வருவதற்கு ஒன்பது ஆண்டுகள் முந்தியது இது. ஆனால் யார் முந்தினார்கள் என்பது சிறிய விஷயம். கபோட்டி எழுதியபோது கொலையாளிகள் பிடிபட்டுச் சிறையில் இருந்தார்கள். அவர்களைத் தூக்கிலிடும்வரை காத்திருந்து அவர் நூலை முடித்தார். வால்ஷ் எழுதியபோது கொலைக்கு உத்தரவிட்டவர் மாகாணக் காவல்துறையின் தலைவராகப் பதவியில் இருந்தார்.

கொலை வழக்கைத் துலக்கும் பத்திரிகையாளர் என்ற பாத்திரத்தை நாவல்களிலும் திரைப்படங்களிலும் நாம் அலுக்காமல் பார்க்கிறோம். அந்தக் கதைகள் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கின்றன. உண்மை வெளியே வந்துவிட்டால் நீதி தானாக வரும் என்பதே அது. கடைசி அத்தியாயத்தில் செய்தி அச்சாகிறது, குற்றவாளி கைதாகிறான், வாசகர் நிம்மதியாகப் புத்தகத்தை மூடுகிறார். துப்பறியும் கதையிலிருந்து வால்ஷ் அதன் முறையை முழுவதுமாக எடுத்துக்கொண்டார். அதன் முடிவை நம்பியே வேலையில் இறங்கினார். அந்த முடிவு வரவில்லை. வராதபோது அவர் என்ன செய்தார் என்பதில்தான் அவருடைய முக்கியத்துவம் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

செய்தித்தாளுக்கும் துப்பறியும் கதைக்கும் உள்ள உறவு பழையது. எட்கர் ஆலன் போ 1842இல் எழுதத் தொடங்கிய ‘மேரி ரோஜெயின் மர்மம்’, அதற்கு முந்தைய ஆண்டு பிணமாகக் கிடைத்த மேரி ரோஜர்ஸ் என்ற நியூயார்க் பெண்ணின் வழக்கைப் பாரிஸுக்கு மாற்றி எழுதியது. அதில் துப்பறிபவர் கொலை நடந்த இடத்தை ஆராய்வதில்லை. நாளிதழ்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு அவற்றின் முரண்களிலிருந்து முடிவுக்கு வருகிறார். 1907இல் கஸ்தோன் லெரூ படைத்த ரூல்தபீய் ஒரு செய்தியாளர். உள்ளே தாழிட்ட அறையில் நடந்த தாக்குதலைத் துலக்கும் இளைஞர். லெரூவே நீதிமன்றச் செய்தியாளராக இருந்தவர். இந்தப் பாத்திரங்களுக்குப் போலீஸ் போட்டியாளராக இருக்கலாம், மந்தபுத்தியுடையதாக இருக்கலாம். கொலை செய்ததே போலீஸ் என்றால், துலக்கிய மர்மத்தை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது? அந்த இடத்துக்கு இந்த மரபு வால்ஷை அழைத்துவந்துவிட்டு நின்றுகொண்டது.

1955 செப்டம்பரில் ராணுவம் ஹுவான் பெரோனின் ஆட்சியைக் கவிழ்த்தது. வால்ஷ் அப்போது பெரோனுக்கு எதிரானவர், கவிழ்ப்பை ஆதரித்தவர். இதை அவர் மறைத்ததில்லை. நவம்பரில் ஜெனரல் ஆரம்புரு அதிபரானார். பெரோனின் கட்சி தடைசெய்யப்பட்டது. 1956 மார்ச்சில் வந்த ஆணை அவருடைய பெயரைப் பொதுவில் சொல்வதைக்கூடக் குற்றமாக்கியது. 1956 ஜூன் 9 இரவு ஜெனரல் ஹுவான் ஹோசே வாயே தலைமையில் பெரோன் ஆதரவுக் கிளர்ச்சி ஒன்று வெடித்துச் சில மணி நேரத்தில் அடங்கியது. வாயே ஜூன் 12 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார்.

அதே இரவில் தலைநகரை ஒட்டிய ஃப்ளோரிடா என்ற பகுதியில் ஒரு வீட்டில் சிலர் கூடியிருந்தார்கள். வானொலியில் ஒரு குத்துச்சண்டைப் போட்டி. கூடியவர்களில் சிலருக்குக் கிளர்ச்சியைப் பற்றித் தெரியும், சேதிக்காகக் காத்திருந்தார்கள். சிலர் போட்டியைக் கேட்க வந்த அக்கம்பக்கத்தார். வீட்டின் முன்பகுதியில் குடியிருந்தவருக்கும் அவரைப் பார்க்க வந்திருந்தவருக்கும் பின்பகுதியில் நடந்ததோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. இந்த வேறுபாடுகளை வால்ஷ் தட்டையாக்கவில்லை. எல்லோரும் அப்பாவிகள் என்று எழுதியிருந்தால் வாசகரின் கோபத்தை எளிதில் கிளறியிருக்கலாம். யாருக்கு எவ்வளவு தெரியும் என்பதை ஆள் ஆளாகப் பிரித்து எழுதினார். தெரியாத இடத்தில் தெரியவில்லை என்று எழுதினார்.

இரவு 11 மணியளவில் காவல்துறை வீட்டுக்குள் புகுந்தது. முன்னின்று நடத்தியவர் புவெனஸ் அயர்ஸ் மாகாணக் காவல்துறைத் தலைவர், லெப்டினன்ட் கர்னல் டெசிடெரியோ பெர்னாண்டஸ் சுவாரெஸ். பிடிபட்டவர்களைச் சான் மார்ட்டின் காவல் அலுவலகத்தில் வைத்து விசாரித்தார்கள். விடிவதற்கு முன் பன்னிரண்டு பேரை வண்டியில் ஏற்றி, ஹோசே லியோன் சுவாரெஸ் என்ற ஊரின் குப்பைமேட்டுக்குக் கொண்டுபோய், வாகன விளக்கின் வெளிச்சத்தில் நடக்கச் சொல்லிச் சுட்டார்கள். ஐந்து பேர் செத்தார்கள். இருட்டும் பதற்றமும் மற்றவர்களுக்கு உதவின. சிலர் ஓடினார்கள், சிலர் பிணம்போல் கிடந்தார்கள். ஏழு பேர் தப்பினார்கள்.

டிசம்பரில் லா பிளாட்டா நகரின் ஒரு காப்பிக் கடையில் வால்ஷுக்குச் சேதி வந்தது. சதுரங்கம் ஆடுவதற்காக அவர் வழக்கமாகப் போகும் இடம். அரசியலைவிடச் சதுரங்கமே அங்கே அதிகம் பேசப்படும். ஜூனில் சுட்டுக்கொல்லப்பட்டவர்களில் ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று அறிமுகமான ஒருவர் சொன்னார். கதைக்காரருக்கு இதைவிடப் பெரிய தூண்டில் இருக்க முடியாது. ஹுவான் கார்லோஸ் லிவ்ராகா என்ற அந்த மனிதரை வால்ஷ் தேடிப்போய்ப் பார்த்தார். கீழே கிடந்தவரின் முகத்தில் கடைசியாகச் சுட்ட குண்டு கன்னத்தையும் தாடையையும் துளைத்துப் போயிருந்தது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு கேட்டதை நம்பாமல் இருக்க முடியவில்லை என்றே அவருடைய முன்னுரை சொல்கிறது. லிவ்ராகா அதற்குள் வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத்தில் புகார் கொடுத்திருந்தார். அந்தப் புகாரைத்தான் வால்ஷ் முதலில், டிசம்பர் கடைசியில், ‘புரோபோசிட்டோஸ்’ இதழில் வெளிவரச் செய்தார்.

பிறகு தேடல் நீண்டது. ஓர் உயிர் என்று நினைத்துத் தொடங்கியது இரண்டாயிற்று. இரண்டாமவர் மூன்றாமவர் ஒருவர் இருப்பதாகச் சொன்னார். மூன்று பேர் பொலிவியத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்து நாட்டைவிட்டுப் போயிருந்தார்கள். அவர்களில் ஒருவரான பெனாவீதெஸின் பெயர், சுட்டுக்கொல்லப்பட்டவர்களின் அரசாங்கப் பட்டியலிலேயே இருந்தது. எத்தனை பேரைக் கொன்றோம், யாரைக் கொன்றோம் என்பதையே அரசு சரியாகக் கணக்கெடுக்கவில்லை. வால்ஷ் பெயரை மாற்றிக்கொண்டார், ஃபிரான்சிஸ்கோ ஃப்ரெய்ரே என்று போலி அடையாள அட்டை வாங்கினார், வீட்டைவிட்டு வெளியேறினார், துப்பாக்கி வைத்துக்கொண்டார். என்ரிகேதா முனீஸ் என்ற இளம் பத்திரிகையாளர் தொடக்கத்திலிருந்தே கூட நின்றார். அவரைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டும்.

பெரிய நாளிதழ்கள் இதை வெளியிட வரிசையில் நிற்கும் என்று வால்ஷ் எதிர்பார்த்திருந்தார். ஒன்றும் தொடவில்லை. ‘ரெவலூசியோன் நசியோனால்’ என்ற சிறு தேசியவாத ஏட்டில் 1957இன் முதல் மாதங்களிலும், ‘மயோரியா’ வார இதழில் மே முதல் ஜூலை வரையிலும் தொடராக வந்தது. அந்த ஏடுகளின் அரசியல் அவருக்கு உவப்பானதல்ல. அச்சிடத் துணிந்தவரிடம் கொடுத்தார், அவ்வளவுதான். அந்த ஆண்டே சிக்லா என்ற பதிப்பகம் அதை நூலாக்கியது.

வழக்கின் முதுகெலும்பு ஒரு நேரக் குறிப்பில் இருந்தது. கொலையை அரசு நியாயப்படுத்த வேண்டுமென்றால் ராணுவச் சட்டத்தைத்தான் சொல்ல வேண்டும்; அந்தச் சட்டப்படி கிளர்ச்சிக்காரர்களைச் சுடலாம் என்றே அறிவிக்கப்பட்டிருந்தது. அப்படியானால் எப்போது அறிவிக்கப்பட்டது? வால்ஷ் அரசு வானொலியின் அறிவிப்பாளர் பதிவேட்டின் நகலைத் தேடிப் பிடித்தார். அந்த இரவு வழக்கமான இசை நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிபரப்பாகியிருக்கின்றன. ராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது 12.32 மணிக்கு. அதாவது ஜூன் 10 பிறந்து 32 நிமிடம் கழித்து. பிடிபட்டவர்களோ ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே காவல்துறையின் கையில் இருந்தார்கள். சட்டம் வந்த பிறகு அவர்கள் எதையும் செய்திருக்க வழியில்லை. கிளர்ச்சிக்காரர்கள் என்றே வைத்துக்கொண்டாலும், இல்லாத சட்டத்தை மீறியதற்காகச் சுடப்பட்டார்கள்.

கைது 11 மணிக்கு நடந்தது என்பதற்கு என்ன ஆதாரம்? தப்பியவர்களின் வாக்கு மட்டும் போதாது. கட்டுக்கதை என்று தள்ளிவிடலாம். இங்கேதான் எர்னாண்டஸின் படைப்பாளி தன் தொழிலைக் காட்டினார். 1956 டிசம்பரில் மாகாண ஆலோசனைக் குழுவில் பெர்னாண்டஸ் சுவாரெஸ் தன் மீதான குற்றச்சாட்டுகளுக்குப் பதில் சொல்ல வேண்டிவந்தது. தன் துணிச்சலை எடுத்துச்சொல்லும் வேகத்தில், ஜூன் 9 இரவு 11 மணிக்குத் தானே அந்த வீட்டுக்குள் நுழைந்து ஆட்களைப் பிடித்ததாகச் சொன்னார். அது நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது. வால்ஷ் இரண்டு தாள்களை அருகருகே வைத்தார். ஒன்று வானொலிப் பதிவேடு. மற்றது காவல்துறைத் தலைவரின் சொந்த வாய்மொழி. இரண்டும் அரசின் ஆவணங்கள், இரண்டையும் யாரும் மறுக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே இருந்த தொண்ணூறு நிமிடம் சட்டபூர்வ மரணதண்டனை என்ற வாதத்தைக் கொலை என்று ஆக்கிவிட்டது.

துப்பறியும் கதையின் வழக்கமான கேள்வி, கொன்றவர் யார் என்பது. இந்த நூலில் அது முதலிலிருந்தே தெரிந்த விஷயம். வால்ஷ் அந்தக் கேள்வியின் இடத்தில் நேரத்தை வைத்தார். அரசு செய்யும் கொலைகளில் ஆளைக் கண்டுபிடிப்பது அரிதல்ல. எந்த உத்தரவின் பேரில், எந்த நேரத்தில், எந்தத் தாளில் என்று நிறுவுவதே அரிது. அதிகாரம் தன் குற்றத்தைத் தானே பதிவேட்டில் எழுதிவைக்கிறது. அதை எடுத்துப் படிக்க ஆள் வேண்டும். புலனாய்வு இதழியல் என்று இன்று நாம் சொல்வதன் அடிப்படை வேலை இதுதான் என்பேன். ரகசியத் தகவலாளர், நள்ளிரவுச் சந்திப்பு என்று திரைப்படம் காட்டுவதெல்லாம் இதற்குத் துணை.

இனி முடிவு. லிவ்ராகாவின் புகாரை எடுத்துக்கொண்ட நீதிபதி நேர்மையாகவே விசாரித்தார். சுடும் உத்தரவு காவல்துறைத் தலைவரிடமிருந்து வந்தது என்று சான் மார்ட்டின் அதிகாரியே அவர் முன் ஒப்புக்கொண்டார். 1957இல் உச்ச நீதிமன்றம் வழக்கு ராணுவ நீதிமன்றத்துக்கு உரியது என்று தீர்ப்பளித்து அவர் கையிலிருந்து அதை எடுத்துவிட்டது. அத்தோடு அது அடங்கியது. சுட்டவர்களில் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

வால்ஷ் நூலைத் திருத்தத் தொடங்கினார். 1964, 1969, 1972 என அடுத்தடுத்த பதிப்புகளில் முன்னுரையும் பின்னுரையும் மாறின. பின்னர் கைக்கு வந்த நீதிமன்றக் கோப்பின் சாரம் சேர்ந்தது. முதல் பதிப்பில் பேசும் குரல் நீதிமன்றத்தைப் பார்த்துப் பேசுகிறது: இதோ ஆதாரம், இனி உங்கள் கடமை. 1964இல் அந்த நம்பிக்கை வற்றிவிட்டது. செய்தது வீணோ என்ற கேள்வி வெளிப்படையாக வருகிறது. 1969இல் குரல் இன்னும் கடினமாகிறது. தனிமனிதர் சிலரின் குற்றம் என்ற நிலையிலிருந்து, ஆளும் வர்க்கம் நடந்துகொள்ளும் முறை என்ற இடத்துக்கு நூல் நகர்கிறது. ஒரே கொலை, ஒரே சாட்சிகள். நடு அத்தியாயங்களின் உண்மைகள் பெரும்பாலும் அசையாமல் நிற்க, அவற்றைச் சுற்றியுள்ள பக்கங்கள் பதினைந்து ஆண்டு அர்ஜென்டின வரலாற்றோடு சேர்ந்து மாறிக்கொண்டே போகின்றன. ஒரு பதிப்பை மட்டும் படிப்பவருக்கு இந்த நூல் பாதிதான் கிடைக்கும்.

இதே முறையில் மேலும் இரண்டு கொலைகளை அவர் எடுத்துக்கொண்டார். 1957இல் கொல்லப்பட்ட வழக்கறிஞர் மார்க்கோஸ் சத்தானோவ்ஸ்கியின் வழக்கில், அரசு உளவுத்துறையின் கை இருப்பதை 1958இல் தொடராக எழுதினார். 1966 மே 13 அன்று அவெல்யனேடாவில் ஓர் உணவகத்தில் தொழிற்சங்கத் தலைவர் ரொசேந்தோ கார்சியா சுடப்பட்டு இறந்ததைப் பற்றி, ‘ரொசேந்தோவைக் கொன்றது யார்?’ என்ற தலைப்பில் தொழிற்சங்க வார ஏட்டில் 1968இல் எழுதி, மறு ஆண்டு நூலாக்கினார். உணவகத்தின் மேசைகள் இருந்த இடம், குண்டு பாய்ந்த கோணம், யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்று படம் போட்டு நிறுவிய நூல் அது. குண்டு ரொசேந்தோவின் சொந்தக் கூட்டத்தின் பக்கமிருந்து வந்தது என்பது அவர் முடிவு. வடிவத்தில் இதுதான் அவர் எழுதியதில் தூய துப்பறியும் நூல். இடையில் ஹவானாவிலும் இருந்தார். 1959இல் தொடங்கிய ‘பிரென்சா லத்தீனா’ செய்தி நிறுவனத்தில் அவரோடு வேலை பார்த்த கார்சியா மார்க்கேஸ், கியூபா மீதான படையெடுப்புக்குக் குவாத்தமாலாவில் ஆயத்தம் நடப்பதைக் காட்டிய சங்கேதத் தந்தியை வால்ஷ் தனியாக உட்கார்ந்து உடைத்ததை எழுதியிருக்கிறார். மெய்ப்புத் திருத்தும் கண் அங்கும் உதவியது.

ஓர் இடத்தில் வால்ஷோடு என்னால் போக முடியவில்லை. 1970 மே 29 அன்று மொன்டொனேரோஸ் என்ற ஆயுதக் குழு முன்னாள் அதிபர் ஆரம்புருவைக் கடத்தி, ஜூன் 1 அன்று கொன்றது. 1956ஆம் ஆண்டுக் கொலைகள் அவர் மீது சுமத்திய குற்றங்களில் முதன்மையானவை. வால்ஷ் பிந்தைய பதிப்பில் இதைப் பற்றி ஓர் அத்தியாயம் சேர்த்து, வரலாற்றின் தீர்ப்பு என்ற கோணத்தில் அதைப் பார்த்தார். 1973 வாக்கில் அந்த அமைப்பிலேயே சேர்ந்து அதன் உளவுப் பிரிவில் வேலை செய்தார். நீதிமன்றம் கைவிட்ட ஒருவர் அங்கே போய்ச் சேர்ந்ததன் காரணம் எனக்கு விளங்குகிறது. ஆனால் பிடித்தவரே நீதிபதியாகி, நீதிபதியே சுடுபவராகி ஒரு மனிதரைக் கொல்வது ஏன் கூடாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்ததே அவருடைய 1957ஆம் ஆண்டு நூல்தான். அந்தத் தொண்ணூறு நிமிடக் கணக்கு யாருக்காகவும் தளர்த்தக்கூடியதல்ல. பின்னாளில் அமைப்பின் தலைமை அரசியலை விட்டுவிட்டு ஆயுதத்தை மட்டும் நம்புவதைக் கண்டித்து அவர் உள்சுற்று அறிக்கைகள் எழுதினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1976 மார்ச் 24 அன்று ராணுவம் மீண்டும் ஆட்சியைப் பிடித்தது. தணிக்கையின் கீழ் நாளிதழ்கள் மௌனமாக, வால்ஷ் தலைமறைவில் ‘ஆங்க்லா’ என்ற ரகசியச் செய்தி நிறுவனத்தை நடத்தினார். அந்த செப்டம்பரில் அவருடைய மகள் விக்டோரியா, தன் 26ஆம் பிறந்தநாளுக்கு மறுநாள், ராணுவத்தோடு நடந்த மோதலில் இறந்தார். ஆட்சியின் முதலாண்டு நிறைவில் ராணுவக் குழுவுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். காணாமல் போனவர்கள் 15,000, சிறையில் 10,000, கொல்லப்பட்டவர்கள் 4,000 என்று கணக்குப் போட்டு, பிணங்கள் எந்த ஏரியில், எந்தக் கடற்கரையில் ஒதுங்கின என்று பட்டியலிட்டு, கூலி சரிந்ததையும் இந்தக் கொலைகளையும் ஒரே கொள்கையின் இரு பக்கங்களாக வைத்த கடிதம். முறை அதே பழைய முறை. தாளுக்குத் தாள் ஒப்பிடுவது. கீழே தன் சொந்தப் பெயரைப் போட்டார். மறுநாள், 1977 மார்ச் 25 அன்று, பிரதிகளைத் தபாலில் சேர்த்த பின், புவெனஸ் அயர்ஸின் சான் ஹுவான், என்ட்ரே ரியோஸ் சாலைகள் சந்திக்கும் பகுதியில் கடற்படை இயந்திரவியல் பள்ளியின் ஆட்கள் அவரைச் சுற்றி வளைத்துச் சுட்டார்கள். உடலை அந்தப் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். அது இன்றுவரை கிடைக்கவில்லை. அவர் வீட்டிலிருந்து அள்ளிச் சென்ற கையெழுத்துப் படிகளும் திரும்பவில்லை. 2011 அக்டோபரில், அந்தப் பள்ளியில் நடந்த குற்றங்களுக்கான வழக்கில், ஆல்ஃப்ரெடோ ஆஸ்டிஸ், ஹோர்ஹே அக்கோஸ்டா உள்ளிட்டோருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வால்ஷின் கொலையும் அந்த வழக்கில் அடங்கும். அதற்கு 34 ஆண்டுகள் ஆயின.

கதைகளின் பத்திரிகையாளர் தனி ஆள். வால்ஷையும் நாம் அப்படியே நினைவில் வைத்திருக்கிறோம்; நானும் இந்தக் கட்டுரையை அந்தச் சாய்வோடுதான் கொண்டுவந்திருக்கிறேன். ஆனால் ‘ஒபராசியோன் மசாக்ரே’ என்ரிகேதா முனீஸுக்குக் காணிக்கையாக்கப்பட்ட நூல். நூலில் ‘செய்தேன்’, ‘போனேன்’, ‘கண்டுபிடித்தேன்’ என்று வரும் இடங்களை ‘செய்தோம்’, ‘போனோம்’, ‘கண்டுபிடித்தோம்’ என்றே கொள்ள வேண்டும் என்று வால்ஷே முன்னுரையில் எழுதினார். வாசகர்கள் அதை மரியாதைச் சொல்லாக எடுத்துக்கொண்டு கடந்துபோனார்கள். முனீஸ் அந்த மாதங்களில் எழுதிய குறிப்பேடுகள், அவர் இறந்த பிறகு, 2019இல் நூலாக வந்தன. விதவைகளின் வீடுகளுக்குப் போனது, தப்பியவர்களைத் தேடியது, சாட்சிகளிடம் பேசியது என்று அந்த விசாரணை இருவருடையது என்பது அவற்றில் நாள்வாரியாக இருக்கிறது. மெய்ப்புத் திருத்துநரின் நூலில் நாம் அறுபது ஆண்டுகளாகத் திருத்தாமல் விட்ட பிழை இது. ஹோசே லியோன் சுவாரெஸ் வழக்கைத் துலக்கியவர்கள் என்று இனி யார் எழுதினாலும் இரண்டு பெயர்களைப் போட்டு எழுத வேண்டும்.